பாஸ்கரனின் முடியாத கணக்கு

துவாக்குடியில் 'கேரியர்' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, பெல் ஷிப்டுக்குப் போகிறவர் கையில் தொங்கும் சாப்பாட்டு கேரியர். இரண்டு, சைக்கிளின் பின்னால் இருப்பது. மூன்றாவது, கல்லூரியின் கடைசி வருடத்தில் மாணவர்களைத் தூங்கவிடாமல் செய்வது...

இந்த மூன்றாவது கேரியரை அளக்க ஊரில் ஒரே ஒரு ஸ்கேல்தான். "எந்தக் கம்பெனி? எவ்வளவு பேக்கேஜ்?" ஒரு பக்கம் என்.ஐ.டி., இன்னொரு பக்கம் அரசு கலைக் கல்லூரி, நடுவில் சிட்கோ பட்டறைகள், கொஞ்ச தூரத்தில் பெல். எங்கே நின்று கேட்டாலும் இதே கேள்விதான். பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பையன் ஒருவன் "ஆராய்ச்சிக்குப் போகப் போகிறேன்" என்று சொன்னால் கேள்வி கொஞ்சம் மாறும். "அப்படியா... அதில் என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படையிலேயே தப்பான கேள்வி. ஏன் தப்பு என்று புரிய ஒரு மனிதரின் வேலையைப் பார்த்தால் போதும். அவர் பேராசிரியர் ஜி. பாஸ்கரன், அதாவது கணபதி பாஸ்கரன். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கோட்பாட்டு இயற்பியலாளர். மீக்கடத்தலும் (சூப்பர்கண்டக்டிவிட்டி) காந்தவியலும்தான் அவருடைய துறை.

எல்லோரும் ராமன் இல்லை

அவரிடம் போகும் முன்பு திருச்சிக்காரர்களின் ஒரு பழக்கத்தைப் பேசியாக வேண்டும். இங்கே விஞ்ஞானி என்றாலே சர் சி.வி. ராமன்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை. 1888-ல் திருவானைக்காவலில் பிறந்தவர். 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். (காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) பகலில் அரசாங்கக் கணக்கு, மீதி நேரத்தில் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடம். 1917-ல் அந்த நல்ல வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியர் ஆனார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். 1930-ல் நோபல் பரிசு.

கண்டுபிடிப்பு 28-ல், பரிசு 30-ல். இடையில் இரண்டே வருடம். இந்தக் கதையைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் மனதில் ஒரு படம் பதிந்துவிடுகிறது: விஞ்ஞானி என்றால் ஒரு நாள் ஒன்றைக் கண்டுபிடிப்பார், உலகம் சரிபார்க்கும், மாலை விழும், கதை முடிந்தது. வருடக் கடைசியில் லாப நஷ்டக் கணக்கை முடித்துக் கோடு போடுவது மாதிரி.

ராமனோடு அந்த ஆய்வில் இருந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். பிறகு டாக்காவுக்குப் போய், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்பதை அளக்கும் முறைகளை உருவாக்கினார். காந்தவியலில் அது மிகப் பெரிய வேலை. 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். ஆனால் நோபல் இல்லை. அதனால் மேடைப் பேச்சிலும் இல்லை. கிருஷ்ணனுக்கே இந்தக் கதி என்றால், இன்னும் முடிவு தெரியாத ஒரு கேள்வியோடு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஒருவரை ஊர் எந்தக் கணக்கில் சேர்க்கும்?

எதிரியே தாயான கதை

கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், சூத்திரம் ஒன்றும் கிடையாது.

1911-ல் நெதர்லாந்தில் காமர்லிங் ஓனஸ் என்பவர் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார். 4.2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸில், அதன் மின்தடை சடாரென்று காணாமல் போனது. இதுதான் மீக்கடத்தல். மீக்கடத்திக் கம்பியை வளையமாக்கி மின்சாரம் ஏற்றிவிட்டால் பாட்டரி இல்லாமலே அது சுற்றிக்கொண்டிருக்கும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பெரிய காந்தம் இப்படித்தான் வேலை செய்கிறது. திரவ ஹீலியத்தில் குளித்துக்கொண்டிருக்கும் நியோபியம்-டைட்டானியம் கம்பி அது.

ஏன் இப்படி நடக்கிறது என்பது தெரிய 46 வருடம் ஆனது. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினார்கள். அணுக்களின் அதிர்வுகள் உதவியால் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன, ஜோடியாகத் தடையில்லாமல் ஓடுகின்றன. அந்தக் கோட்பாட்டின்படி காந்தம் இந்த ஜோடிகளுக்குப் பரம எதிரி. ஜோடியில் ஒரு எலக்ட்ரானின் ஸ்பின் மேலே பார்த்தால் இன்னொன்று கீழே பார்க்கும். காந்த அணு பக்கத்தில் வந்தால் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும், ஜோடி உடையும். லாந்தனத்தில் கொஞ்சம் கடோலினியத்தைக் கலந்தாலே மீக்கடத்தல் படுத்துவிடுவதை 1958-லேயே சோதனையில் பார்த்தார்கள். ஆக, மீக்கடத்தி தேடுகிறவர்கள் காந்தப் பொருட்கள் பக்கமே போகக்கூடாது என்பது ஏறக்குறைய எழுதப்படாத விதி ஆனது.

1986-ல் அந்த விதி உடைந்தது. சுவிட்சர்லாந்தின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர், செம்பும் ஆக்சிஜனும் கலந்த ஒரு பீங்கான் மாதிரியான பொருளில் 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த வருடமே இருவருக்கும் நோபல். 1987 தொடக்கத்தில் பால் சூ, வு இருவரின் குழுக்கள் இட்ரியம் கலந்த பொருளில் 93 கெல்வினைத் தொட்டன. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின். ஹீலியத்தோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் மிக மலிவு. உலகமே பரபரத்ததில் ஆச்சரியம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், இந்தப் பொருட்களின் மூலப்பொருளான லாந்தனம் காப்பர் ஆக்சைடு ஒரு மின்கடத்தாப் பொருள். அதோடு, காந்தத் தன்மை உள்ள பொருள்! எதிரி என்று ஒதுக்கி வைத்த வீட்டில்தான் குழந்தை பிறந்திருக்கிறது.

அப்போது பாஸ்கரன் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பிலிப் ஆண்டர்சனோடு வேலை செய்துகொண்டிருந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டுப் போனவர். ஆண்டர்சன் 1977-ல் நோபல் வாங்கியவர். 1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் ஆண்டர்சன் தன் யோசனையைச் சொன்னார். இந்தப் பொருளில் எலக்ட்ரான்களை ஜோடி சேர்ப்பது அதிர்வு இல்லை, காந்த விசையேதான்! இந்த யோசனையின் பெயர் ரெசனேட்டிங் வேலன்ஸ் பாண்ட், சுருக்கமாக ஆர்.வி.பி.

இதைப் புரிந்துகொள்ளத் துவாக்குடியில் இருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் காலை நேர டவுன் பஸ் போதும். எல்லா சீட்டும் நிரம்பிவிட்டது. ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான், இரண்டாவது ஆளை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். யாராலும் நகர முடியாது. இதுதான் மின்கடத்தாத லாந்தனம் காப்பர் ஆக்சைடு. ஒவ்வொரு செம்பு அணுவிலும் ஒரு எலக்ட்ரான் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. நகர முடியாதே தவிர, பக்கத்து சீட்டுக்காரரோடு கைகோக்க முடியும். இந்த நிமிடம் இடது பக்கத்துக்காரரோடு, அடுத்த நிமிடம் முன் சீட்டுக்காரரோடு என்று கோத்த கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பென்சீன் வளையத்தில் பிணைப்புகள் மாறி மாறி இருக்கும் என்று பிளஸ் டூ வேதியியலில் வருமே, அதே சங்கதி. கைகோத்த இந்த ஜோடிகள்தான் காந்த விசை தந்த ஜோடிகள். இப்போது திருவெறும்பூரில் நாலு பேர் இறங்குகிறார்கள். காலி சீட் வந்துவிட்டது. இனி எல்லோரும் நகரலாம். ஏற்கெனவே கைகோத்திருப்பதால் ஜோடியாகவே நகர்வார்கள். அதுதான் மீக்கடத்தல்!

யோசனை ஆண்டர்சனுடையது. ஆனால் யோசனை மட்டும் இருந்தால் கணக்குப் போட முடியாது. அதைச் சமன்பாடுகளாக்கி, எந்த வெப்பநிலையில் என்ன ஆகும் என்று கணக்கிடும் வழியைக் காட்டியது 1987-ல் வந்த பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் மூவரின் கட்டுரை. 1988-ல் பாஸ்கரனும் ஆண்டர்சனும் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். துகள் இயற்பியலில் அடிப்படை விசைகளை விளக்கப் பயன்படும் 'கேஜ் தியரி' என்ற கணித மொழியை இந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

சரி, ஜெயித்தாரா?

துவாக்குடிக்காரர் இங்கேதான் குறுக்கே வருவார். "அதெல்லாம் சரி. அந்த ஆர்.வி.பி. சரியா, தப்பா?"

நேர்மையான பதில்: இன்னும் முடிவாகவில்லை.

முதல் அடி சீக்கிரமே விழுந்தது. லாந்தனம் காப்பர் ஆக்சைடில் ஸ்பின்கள் ஆர்.வி.பி. சொன்னது போல அலைந்துகொண்டிருக்கவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அணிவகுத்து நின்றன. நியூட்ரான் சோதனைகள் 1987-லேயே இதைக் காட்டிவிட்டன. ஆனால் கொஞ்சம் எலக்ட்ரான்களை எடுத்துவிட்டால் அந்த அணிவகுப்பு கலைந்துவிடுகிறது. அதனால் யோசனை முழுக்க சாகவில்லை. இரண்டாவது, 1987 கட்டுரையில் ஜோடியின் வடிவம் பற்றிச் சொன்னது சரியாக வரவில்லை. அதே ஆர்.வி.பி. முறையைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்ட கோட்லியர் முதலான வேறு சிலர் 'டி-வேவ்' என்ற வடிவம் வரும் என்றார்கள். 1993, 94 வாக்கில் சோதனைகள் டி-வேவ்தான் என்று உறுதி செய்தன.

கவனித்தீர்களா? முதல் கட்டுரையின் விடை தப்பு. அது கட்டிக்கொடுத்த வழியில் போனவர்களுக்குச் சரியான விடை கிடைத்தது.

ஆண்டர்சனே நடுவில் வேறு ஒரு கோட்பாட்டுக்குப் போனார். அதை 1998 வாக்கில் சோதனைகள் கவிழ்த்தன. 2004-ல் மறுபடி ஆர்.வி.பி.க்கே வந்து, வேறு ஐந்து பேருடன் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 2020-ல் அவர் காலமானபோதும் வழக்கு முடிந்திருக்கவில்லை. இதே பொருட்களுக்கு வேறு விளக்கங்கள் வைத்திருக்கும் பெரிய பெரிய ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். காந்தத்துக்கும் இந்த மீக்கடத்தலுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த உறவு ஆர்.வி.பி. சொல்கிறபடியா என்பதில்தான் சண்டை.

பட்டறையில் செய்த ஜிக்

பாஸ்கரன் பிரின்ஸ்டனிலேயே தங்கிவிடவில்லை. 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய அந்தத் தரமணி நிறுவனத்தில்தான் வாழ்நாள் வேலை. 1990-ல் பட்நாகர் விருது கிடைத்தது. சுற்றிச் சுற்றி அதே கேள்விதான்: காந்தம் எப்போது மீக்கடத்தலாக மாறும்?

2007-ல் அவரும் சப்தரிஷி மண்டல், ஆர். சங்கர் என்ற இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேன்கூடு வடிவில் ஸ்பின்கள் அடுக்கப்பட்ட ஒரு காந்த மாதிரியை 2006-ல் அலெக்ஸி கிடாயேவ் சொல்லியிருந்தார். அந்தக் காந்தத்தில் ஒரு ஸ்பின்னைத் தட்டினால் என்ன ஆகும் என்பதைத் தோராயமாக இல்லாமல், துல்லியமாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு ஸ்பின் துண்டு துண்டாகப் பிரிந்து நடந்துகொள்ளும் என்பது விடை. இன்று ருத்தீனியம் குளோரைடு போன்ற படிகங்களில் இந்த நடத்தையைத் தேடிக்கொண்டிருக்கும் சோதனைக்காரர்களுக்கு அந்தக் கட்டுரை ஒரு பாலபாடம். குவாண்டம் கணினிக்கு இது உதவலாம் என்ற எதிர்பார்ப்பும் கிடாயேவ் மாதிரியோடு சேர்ந்தே வந்தது.

மீக்கடத்தலுக்காக 80-களில் யோசித்த ஸ்பின் திரவம், கேஜ் தியரி எல்லாம் இருபது வருடம் கழித்து வேறொரு வகைக் காந்தத்தில் வேலைக்கு வந்திருக்கின்றன. சிட்கோ பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒரு ஆர்டருக்காக ஜிக் ஒன்று செய்கிறார்கள். துளை போடும்போது ட்ரில் விலகாமல் பிடித்துக்கொள்கிற சட்டம் அது. அந்த ஆர்டர் போய்விடலாம். கம்பெனி பணம் தராமல்கூட இழுத்தடிக்கலாம். ஆனால் ஜிக் பட்டறையில் இருக்கிறது. அடுத்த வேலைக்குக் கொஞ்சம் ராவி மாற்றினால் போதும். கோட்பாட்டு இயற்பியலாளர் செய்வது பெரும்பாலும் ஜிக்தான். அதை வைத்து யார் யார் எங்கெங்கே துளை போட்டார்கள் என்று பார்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும். முதல் ஆர்டர் என்ன ஆனது என்பதை மட்டும் பார்ப்பது சின்னத்தனமான கணக்கு.

வரிப்பணம் கேட்கிற கேள்வி

இதற்கு ஒரு பலமான எதிர்வாதம் உண்டு. கணித அறிவியல் நிறுவனம் மத்திய அணுசக்தித் துறையின் நிதியில் நடக்கிறது. அது மக்கள் பணம். முடிவு தெரியாத கேள்விக்கு எத்தனை வருடம் சம்பளம் கொடுப்பது? ஒரு தனியார் கம்பெனி இப்படிச் செய்யுமா?

செய்யாது. கணக்கியலே செய்யவிடாது! கணக்கியல் தரநிலை 26-ஐப் படித்த காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரியும். வளர்ச்சிக் கட்டத்தில் ஆகும் செலவைச் சில நிபந்தனைகளோடு சொத்தாகக் காட்டலாம். ஆராய்ச்சிக் கட்டத்தில் ஆகும் செலவை மட்டும் சொத்தாகக் காட்டவே முடியாது. அந்த வருடச் செலவாக எழுதித் தள்ள வேண்டும். காரணம், அதிலிருந்து நாளை வருமானம் வரும் என்று நிரூபிக்க முடியாது. முதலீட்டாளரை ஏமாற்றாமல் இருக்க இது சரியான விதி. ஆனால் அந்த விதியின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஆராய்ச்சி, கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் எப்போதுமே செலவுதான். அதனால்தான் அந்தச் செலவை ஒரு கம்பெனி தலையில் கட்டாமல் நாடு எடுத்துக்கொள்கிறது. 1911-ல் ஓனஸ் பாதரசத்தைக் குளிர்வித்தபோது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்த பட்ஜெட்டிலும் இல்லை. மீக்கடத்திக் காந்தம் மருத்துவமனைக்குள் வர 1980-கள் ஆகிவிட்டது. எழுபது வருடம் காத்திருக்கும் பங்குதாரர் யாராவது உண்டா?

அதோடு, கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் சம்பளமும் நூலகமும் கணினியும்தான். ஒரு மேம்பாலம் கட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பேச வேண்டிய தொகை இல்லை.

தப்பாகிப்போகும் உரிமை

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. "முடிவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டால், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு இருக்கலாமே?"

இந்தத் துறையில் அப்படிப்பட்ட கூத்துகள் நடக்காமல் இல்லை. அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தல் என்று அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த இரண்டு கட்டுரைகளை 'நேச்சர்' இதழ் 2022-லும் 2023-லும் திரும்பப் பெற்றது. 2023 ஜூலையில் தென் கொரியாவில் இருந்து 'எல்கே-99' என்ற பொருள் வந்து இணையத்தையே கலக்கியது. சில வாரங்களில், அது மீக்கடத்தி இல்லை, அதில் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு செய்த மாயம் என்று தெரிந்தது.

இங்கே பாஸ்கரன் பற்றியும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்கே-99 செய்தி வந்த சில நாட்களிலேயே, ஆகஸ்ட் தொடக்கத்தில், அந்தப் பொருளில் மீக்கடத்தல் எப்படிச் சாத்தியம் என்று அவர் ஒரு கோட்பாட்டுக் கட்டுரை வெளியிட்டார். பொருளே பொய்த்துப்போனது. இதை வைத்து அவரைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சோதனையில் வந்த எண்ணை மாற்றி எழுதுவது மோசடி. "இது உண்மையானால் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்" என்று தன் பெயரைப் போட்டு, எல்லோரும் சரிபார்க்கும்படி வெளியே வைப்பது துணிச்சல். அது தப்பாகிப்போகலாம். 1987-ல் ஆர்.வி.பி.யும் அதே மாதிரித் துணிச்சல்தான். புதுப்பொருள் வந்து சில மாதங்களுக்குள், எதுவும் நிச்சயமாகாதபோது எழுதியது. 87-ன் துணிச்சலுக்கு விருது கொடுத்துவிட்டு 2023-ன் துணிச்சலுக்குச் சிரிப்பது முரண்.

அருகில் இருப்பவர்கள்

எல்லா ஆராய்ச்சியும் முடிவில்லாமல் தொங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சோதனை செய்கிறவர்களின் வாழ்க்கை வேறு மாதிரி. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நாகராஜனும் குழுவினரும், காந்த உலோகம் என்று பெயரெடுத்த நிக்கல் கலந்த ஒரு சேர்மம் 12 கெல்வினில் மீக்கடத்தியாவதை 1994-ல் வெளியிட்டார்கள். அதே நிறுவனத்தில் எஸ். ராமகிருஷ்ணன், ஏ. தமிழ்வேல் முதலானோர் பிஸ்மத் படிகத்தை 0.00053 கெல்வின் வரை குளிர்வித்து, அது மீக்கடத்தி என்று 2016 டிசம்பரில் அறிவித்தார்கள். பூமியின் சாதாரண காந்தப்புலம் பட்டாலே அந்த மீக்கடத்தல் செத்துவிடும். அவ்வளவு பூஞ்சை. அதனால் பூமியின் காந்தப்புலத்தையே மறைத்துவிட்டு அளந்தார்கள். பி.சி.எஸ். என்று அழைக்கப்படும் 1957-ன் கோட்பாட்டால் இதை விளக்க முடியவில்லை. ஆக, சோதனைக்காரர் ஒரு கதவைத் திறந்தால் கோட்பாட்டுக்காரருக்கு மறுபடி முடியாத கணக்கு ஒன்று வந்து சேர்கிறது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருச்சி-புதுக்கோட்டை சாலையில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயர் அழுத்த ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. பொருட்களைக் கடும் அழுத்தத்தில் நெருக்கி, அவற்றின் மீக்கடத்தலும் காந்தப் பண்பும் எப்படி மாறுகின்றன என்று அளக்கிறார்கள். பால் சூ 1987-ல் 93 கெல்வினுக்கு வழி கண்டதும் அழுத்தத்தால்தான். பழைய பொருளை நெருக்கியபோது வெப்பநிலை ஏறியது. அப்படியானால் உள்ளேயே சிறிய அணுவைப் போட்டு நெருக்கலாமே என்று இட்ரியத்துக்குப் போனார்கள். துவாக்குடியில் இயற்பியல் படிக்கிற எத்தனை பேருக்கு, ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியும்? யாரும் சொல்வதில்லை. ராமன் படத்துக்கு மாலை போடுவதோடு சரி.

என்ன கேட்க வேண்டும்?

கடன் வாங்கிப் படிக்க வைக்கிற குடும்பம் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில் தப்பே கிடையாது. அதற்கும் பதில் இருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய். கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு 'ஜெஸ்ட்' தேர்வு, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க 'ஜாம்' தேர்வு. இந்த மூன்று பெயர்களையும் கேம்பஸ் இன்டர்வியூ நோட்டீஸ் ஒட்டும் அதே பலகையில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது. அந்த 37,000-ஐ மாதா மாதம் தாமதமில்லாமல் கொடுக்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு. அதில் சுணங்கினால், பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் பொறுமையாக இருக்க முடியும். முடிவு தெரியாத கேள்வியோடு காத்திருப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகிவிடக் கூடாது.

மீதிப் பாதி, ஊர் மாற்றிக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிற பையனையோ பெண்ணையோ பார்த்து "என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்?" என்று கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியாது. 1986-ல் பாஸ்கரனாலும் சொல்லியிருக்க முடியாது. "உனக்கு எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இருக்க முடியவில்லை?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் ஆள் தயார். பதில் இல்லாவிட்டால், பேக்கேஜ் நல்ல வழிதான். அதிலும் கேவலம் ஒன்றும் இல்லை.

நம் பஸ்ஸில் ஏறிய ஜோடிகள் ஏன் கைகோக்கின்றன என்ற கேள்வி இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. சாதாரண அழுத்தத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உச்ச அளவாகப் பாதரசம் கலந்த செம்பு ஆக்சைடின் 130 சொச்சம் கெல்வின், 1993-ல் இருந்து பாடப்புத்தகங்களில் நிற்கிறது. அதைத் தாண்ட வேண்டுமானால் முதலில் காரணம் புரிய வேண்டும். அந்தக் கணக்கைப் பாஸ்கரன் தலைமுறை பாதிவரை போட்டு, வழிமுறைகளோடு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. மீதியைப் போட வருகிறவருக்கு வயது இப்போது இருபதுக்குள் இருக்கலாம். அவரிடம் "எவ்வளவு பேக்கேஜ்?" என்று மட்டும் கேட்டு விரட்டிவிடாமல் இருந்தால் சரி.